0, 45, 90, 180: முடி வெட்டும் வகுப்பில் சொல்லும் டிகிரி தலையில் எங்கே இருக்கிறது?

ஈப்போவில் முடியலங்கார வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். டீச்சர் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லித் தருகிறாராம். 0, 45, 90, 180 என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், ஆனால் பொம்மைத் தலை முன்னால் போய் நின்றால் அந்த டிகிரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கழுத்தளவு பாப் கட் வெட்டினால் எப்போதும் இடது பக்கம் நீளமாக நிற்கிறது. கைட்லைன், ஓவர் டைரக்ஷன் எல்லாம் குழம்புகிறது. கடைசியாக, எந்தக் கத்திரி வாங்கலாம்?

நான் சுங்கை சிப்புட்டில் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் வந்து பழகிப் போயிருக்கிறார்கள். எல்லாரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள், அதனால் வெட்கப்படாதே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஒரு தே தாரிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். முடி எப்படி விழப்போகிறது என்பதை உன் வலது கை முடிவு செய்வதில்லை, முடியைப் பிடித்திருக்கிற இடது கைதான் முடிவு செய்கிறது. எவ்வளவு தூக்கிப் பிடித்தாய், எந்தப் பக்கம் இழுத்தாய், எவ்வளவு இறுக்கினாய், இந்த மூன்றுதான். எலிவேஷன், ஓவர் டைரக்ஷன், டென்ஷன் என்று உன் நோட்டில் இருப்பது இந்த மூன்றின் பெயர்கள். கத்திரி வெறுமனே கடைசியில் வந்து துண்டித்துவிட்டுப் போகிறது.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் கோடு சாய்கிற கோணம் தவறினால் பால் மங்குக்கு, அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்துக்கு, வந்து சேராது என்பார். இடது மேலிருந்து வலது கீழாக ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு இருக்க வேண்டும், கோடு படுத்துவிட்டால் பால் வழியிலேயே பட்டையில் வழிந்துவிடும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்தால் முதலில் பார்ப்பது அந்தச் சாய்வைத்தானாம். நான் முடி வெட்டப் படிக்கப் போனபோது டீச்சர் கோணம் கோணம் என்று கத்தியது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

சரி, டிகிரிக்கு வருவோம். எல்லாரும் செய்கிற தப்பு, தரையிலிருந்து அளப்பது. தரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த முடி எந்த இடத்தில் முளைத்திருக்கிறதோ அந்த இடத்துத் தலையின் வளைவிலிருந்து அளக்க வேண்டும். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அதில் சுற்றிலும் நாலைந்து ஊதுபத்தியை நேராகக் குத்திப் பார். மேலே குத்தியது கூரையைப் பார்க்கும், பக்கத்தில் குத்தியது சுவரைப் பார்க்கும், கீழ்ப்பக்கம் குத்தியது கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை, ஆனால் எல்லாமே 90 டிகிரி. உச்சியில் 90 என்றால் முடி செங்குத்தாக மேலே நிற்கும், காதுக்கு மேலே 90 என்றால் பக்கவாட்டில் நீட்டி நிற்கும். வகுப்பில் பாதிப் பேர் உச்சியில் சரியாகப் பிடித்துவிட்டு, பின்மண்டைக்கு வந்ததும் அதே பழக்கத்தில் முடியைக் கூரைக்குத் தூக்கிவிடுவார்கள், அங்கே அது 90 இல்லை, 180க்குப் பக்கத்தில் போய்விட்டது.

0 என்றால் தூக்கவே இல்லை, முடி தானாக எப்படித் தொங்குகிறதோ அப்படியே சீவி வெட்டுவது. எல்லா நுனியும் ஒரே கோட்டில் வந்து நிற்பதால் அந்தக் கோடு கனமாகத் தெரியும். இதைத்தான் பிளண்ட் கட், ஒன் லெங்த் என்கிறார்கள், உன்னுடைய பாப் இந்த வகை. 45 என்றால் பாதி தூக்கியது. அப்போது நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று படிப்படியாக ஏறி உட்காரும். அத்தாப்புக் கூரை பார்த்திருப்பாய், ஓலை நுனிகள் வரிசை வரிசையாக அடுக்கித் தெரியுமே, அது மாதிரி. இதன் பெயர் கிராஜுவேஷன். பிடரியில் குட்டையாகவும் மேலே போகப் போகக் குண்டாகவும் வரும் பாப் எல்லாம் இந்த 45இல் செய்ததுதான். அந்தக் குண்டு எங்கே போய் நிற்கிறதோ அதை வெயிட் லைன் என்பார்கள்.

90இல் தலை முழுக்க வெட்டினால் எல்லா முடியும் ஒரே நீளம். யூனிஃபார்ம் லேயர் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதே, நீ அதைத் தைப்பூசத்துக்கு அப்புறம் தெருவெல்லாம் பார்த்திருக்கிறாய். மொட்டை போட்டவர்களுக்கு முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 சென்டிமீட்டர் வளரும், நாலு மாதம் கழித்துப் பார்த்தால் உச்சியிலும் பிடரியிலும் காதோரத்திலும் எல்லாம் 5 சென்டிமீட்டர். யாரும் கத்திரி வைக்காமலே முருகன் போட்டுக் கொடுத்த யூனிஃபார்ம் லேயர் அது. தலை எந்த வடிவமோ முடியும் அதே வடிவமாக நிற்கும், எங்கேயும் கனம் சேராது. 180 என்றால் எல்லாவற்றையும் மேலே இழுத்து உச்சிக்கு மேல் ஒரே இடத்தில் வெட்டுவது. பிடரியிலிருந்து வந்த முடி அவ்வளவு தூரம் ஏறி வந்திருப்பதால் அது நீளமாகத் தப்பிவிடும், உச்சி முடி குட்டையாகும். நம் பெண்கள் ஸ்டெப் கட் வேண்டும் என்று கேட்பார்களே, அதில் பெரும்பாலும் இந்த வேலைதான் இருக்கும்.

தலையில் இடங்களின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட சீப்பால் கண்டுபிடிப்பது நல்லது. பக்கத்தில் சீப்பைத் தட்டையாக வை, தலை வளைந்து சீப்பை விட்டு விலகத் தொடங்கும் இடம் பெரைட்டல் ரிட்ஜ். அதற்குக் கீழே உள்ள முடி தானாகத் தொங்கும், மேலே உள்ளது தலைமேல் படுத்து அப்புறம்தான் கீழே வரும். அதனால்தான் மேல் முடியை எப்படி வெட்டினாய் என்பது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அதே சீப்பைப் பிடரியில் வைத்தால் விலகும் இடத்தில் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும், அது ஆக்சிபிடல். உச்சி என்றால் அப்பெக்ஸ். பிடரி என்றால் நேப். அவ்வளவுதான்.

சுழியை மட்டும் தனியாகப் பார். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், நமக்கு இரட்டைச் சுழி என்றால் அந்த இடத்தில் ரொம்பக் குட்டையாக வெட்டக் கூடாது, வெட்டினால் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பிடரியில் முடி ஒரு பக்கமாக ஏறி வளர்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இப்போது கைட்லைன். உன் டீச்சர் மலாயில் காரிஸ் பண்டுவான் என்று சொல்வது இதைத்தான், முதலில் வெட்டிய ஒரு சின்னக் கற்றை, மற்றதெல்லாம் அதைப் பார்த்து வெட்டுவது. அது இரண்டு விதம். நகராத கைட் என்றால் அது இருக்கும் இடத்துக்கு மற்ற முடியெல்லாம் வந்து சேரும். பாப், 180 லேயர் எல்லாம் அப்படி. நகர்கிற கைட் என்றால் இப்போது வெட்டிய கற்றையில் கொஞ்சம் எடுத்து அடுத்த கற்றையோடு சேர்த்துப் பிடித்து, அதைப் பார்த்து இதை வெட்டி, பிறகு இதிலிருந்து கொஞ்சம் எடுத்து அதற்கடுத்தது என்று நீயும் கூடவே நகர்ந்துகொண்டே போவது. யூனிஃபார்ம் லேயர் இப்படித்தான். இதில் ஆபத்து என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் 2 மில்லிமீட்டர் தள்ளிப் போனால், பத்தாவது கற்றைக்கு வரும்போது 2 சென்டிமீட்டர் போய்விட்டிருக்கும், உனக்கே தெரியாது. அதனால் கற்றையை மெலிசாக எடு, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், அடர்த்தியான முடி என்றால் இன்னும் மெலிசு. புது முடிக்கு அடியில் கைட் தெரியவில்லை என்றால் வெட்டாதே, கீழே விட்டுவிட்டு மறுபடி எடு. ஊகித்து வெட்டுகிற கையை நான் கடையில் எத்தனை தடவை தட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஓவர் டைரக்ஷன் புரிய வேண்டுமென்றால் இந்த ஒரு சோதனை போதும், வகுப்பில் மூன்று நாள் பேசினாலும் இது கொடுக்கிற தெளிவு வராது. நீளமுடிப் பொம்மை ஒன்றை எடு. முடியை நடு வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தோள்மேல் முன்பக்கம் கொண்டுவந்து, நெஞ்சு நேரே ஒரே உயரத்தில் நேராக வெட்டு. இப்போது எல்லாவற்றையும் முதுகுக்குத் தள்ளிச் சீவிப் பார். நடுவில் நீளமாக, இரண்டு பக்கமும் ஏறி, வி மாதிரி நிற்கும். நீ வி வெட்டவே இல்லையே, நேராகத்தானே வெட்டினாய்? முதுகு நடுவில் இருந்த முடி முன்னால் வர அதிகத் தூரம் நடந்திருக்கிறது, அந்தத் தூரம் அளவுக்கு அது நீளமாகத் தப்பித்துவிட்டது. காதுப்பக்க முடிக்கு நடக்க வேண்டிய தூரமே இல்லை, அதனால் குட்டையானது. அதே பொம்மையில் திருப்பிச் செய், எல்லா முடியையும் பின்னால் நடுவில் கொண்டுபோய் நேராக வெட்டினால் முன்பக்க முடி நீளமாகத் தப்பும். முடியை அதன் இடத்திலிருந்து எந்தப் பக்கம் இழுத்து வெட்டுகிறாயோ, அதற்கு எதிர்ப்பக்கம் நீளமாகும். இதுதான் ஓவர் டைரக்ஷன், வேறொன்றும் இல்லை. நம் ஊரில் யூ கட், வி கட் கேட்டு வருகிற அக்காமார்களுக்கு நாம் தினமும் செய்வது இதைத்தான், பெயர் மட்டும் யாரும் சொல்வதில்லை.

இது புரிந்தால் உன் பாப் ஏன் இடது பக்கம் நீளமாகிறது என்பதும் பாதி புரிந்துவிடும். நீ வலது கைக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பொம்மைக்குப் பின்னால், கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறாய். வலது பக்கம் கைக்கு எட்டுகிறது, சரியாக வெட்டுகிறாய். இடது பக்கம் வரும்போது கால் நகரவில்லை, அங்கே உள்ள முடியை உன் பக்கம், அதாவது பின்பக்கம், இழுக்கிறாய். பின்பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் நீளும்? முன்பக்கம். கண்ணாடியில் தெரிகிற முன்பக்கம். இதற்கு மருந்து கத்திரியில் இல்லை, உன் காலில் இருக்கிறது. எந்தக் கற்றையை வெட்டுகிறாயோ அதற்கு நேர் எதிரே போய் நில், முட்டியைக் கொஞ்சம் மடக்கி உன் கண்ணை வெட்டுக்கோட்டுக்கு இறக்கு.

கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இடது பக்கம் எதிரே நிற்கும்போது உன் இடது கை விரல் நுனி பிடரியைப் பார்க்கும், வலது பக்கம் நிற்கும்போது அதே விரல் நுனி முகத்தைப் பார்க்கும். கை ஒன்று, திசை இரண்டு. விரல் கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு பக்கமும் கோடு எதிரெதிராகச் சாயும். அதனால் பாப்புக்கு நான் பிள்ளைகளிடம் முதலில் விரலை எடுக்கச் சொல்வேன், சீப்பாலேயே முடியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து வெட்டச் சொல்வேன். விரலால் பிடித்தால் விரலின் தடிமன் அளவுக்கு முடி தூக்கப்படுகிறது, 0 என்று நீ நினைக்கிறாய், அது 0 இல்லை. வெட்டி முடித்து, சீவிப் பார்த்தால் நுனியில் மெல்லிய படி தெரியும்.

உண்மையான ஆள் உட்கார்ந்தால் இன்னொன்றும் சேரும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்தால் தோள் சாயும், நீ தோளைப் பார்த்துத்தான் கோடு போடுகிறாய். இரண்டு காலையும் கீழே வைக்கச் சொல், கைப்பேசியைப் பார்க்கக் குனிந்திருந்தால் நிமிரச் சொல், தலை குனிந்திருக்கும்போது பிடரியில் போட்ட கோடு நிமிர்ந்த பிறகு அதே கோடாக இருக்காது. பொம்மைத் தலை என்றால் அதை மேசையில் மாட்டிய கிளாம்ப் நேராக இருக்கிறதா என்று பார், வகுப்பில் பாதிக் கிளாம்ப்புகள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வெட்டியதும் முன்னால் வந்து நின்று இரண்டு பக்கமும் ஒரே தூரத்திலிருந்து ஒரு கற்றை எடுத்து, இரண்டு கை விரல்களையும் ஒரே நேரத்தில் கீழே சறுக்கிக் கொண்டுவந்து கண்ணாடியில் பார், வித்தியாசம் தெரிந்துவிடும். நீளமான பக்கத்தைத்தான் குறைக்க வேண்டும், இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பாய், ஆனால் பதற்றத்தில் குட்டையான பக்கத்தை மறுபடி வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. விடால் சசூன், 1928இல் பிறந்தவர், 1954இல் லண்டனில் கடை திறந்தார். அதுவரை பெண்கள் வாரா வாரம் கடைக்குப் போய்ச் சுருட்டி, ஸ்பிரே அடித்து நிற்க வைத்திருந்த முடியை, 1960களில் அவர் வெட்டு ஒன்றை மட்டும் வைத்தே நிற்க வைத்தார். குளித்துத் துவட்டி உதறினால் தானாக வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குக் கோணமும் கோடும் துல்லியமாக இருந்தாக வேண்டும். இன்றைக்கு வகுப்பில் நீ டிகிரி டிகிரி என்று எழுதுவதில் அவர் பங்கு பெரியது.

மூன்றாவது விஷயம் டென்ஷன், அதாவது முடியை எவ்வளவு இறுக்கி இழுக்கிறாய் என்பது. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொருவர் கடையில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கடை நிறையக் கூட்டம். ஒரு அம்மா பள்ளிக்கூடம் படிக்கும் மகளை அழைத்து வந்தார், நல்ல சுருட்டை முடி, நெற்றியில் கொஞ்சம் முடி விழுகிற மாதிரி வெட்டச் சொன்னார். நான் முடியை நனைத்து, இரண்டு விரலுக்கிடையில் நன்றாக இழுத்துப் பிடித்து, புருவத்துக்கு நேராக அழகாக வெட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. காற்று மெஷினைப் போட்டேன். காயக் காய முடி ஏறிக்கொண்டே போனது, கண்ணெதிரே, புருவத்திலிருந்து நெற்றி நடுவுக்கு. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தீபாவளியன்று கோயிலில் அந்தப் பெண்ணை அகலமான ஹேர்பேண்டோடு பார்த்தேன்.

ஈர முடி ரப்பர் மாதிரி, காய்ந்ததைவிட அதிகமாக நீளும். சுருட்டை முடியில் ஈரத்தோடு கால் இன்ச் வெட்டினால் காய்ந்த பிறகு ஒரு இன்ச் வரைகூட ஏறிவிடலாம். அதனால் சுருட்டை முடிக்கு இறுக்காதே, சீப்பின் அகலப் பல் பக்கத்தால் சீவி, முடியைத் தளர்வாக விட்டு, நினைத்ததைவிட நீளமாக வெட்டு, காய்ந்தபின் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். காதுக்கு மேலேயும் இதே கதைதான். காது முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், நீ இறுக்கிச் சீவினால் காது அமுங்கும், வெட்டியதும் காது எழும்பும், அந்த இடத்தில் முடி ஏறி ஒரு பள்ளம் தெரியும். வெட்டுவதற்கு முன் சீப்பின் முதுகால் காதுக்கு மேல் முடியை லேசாக இரண்டு தட்டு தட்டித் தளர்த்திவிடு.

இதோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம்மவர்கள் எல்லாவற்றையும் திக்கான முடி என்பார்கள். ஒரு மயிரிழையின் தடிமன் வேறு, தலையில் எத்தனை இழை இருக்கிறது என்பது வேறு. முதலாவது டெக்ஸ்சர், இரண்டாவது டென்சிட்டி. ஒரே ஒரு இழையை எடுத்து விரலிடையில் உருட்டு, நூல் மாதிரி தட்டுப்பட்டால் தடித்த இழை, ஏதோ இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. வகிடு எடுத்துப் பார், மண்டைத் தோல் பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி குறைவு. மெல்லிய இழை, ஆனால் அடர்த்தி அதிகம் என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பல் கத்திரி போட்டுத் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் பல் கத்திரி வைத்தால், குட்டையான இழைகள் வளரும்போது நீளமானவற்றை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நிற்கும், இந்த ஊர் ஈரக் காற்றுக்குத் தலை இன்னும் பெரிதாகும், ஒரு மாதத்தில் மறுபடி வந்து நிற்பார்கள். நுனியைக் கத்திரி முனையால் செங்குத்தாகக் கொத்திக் கொத்தி வெட்டும் பாய்ண்ட் கட்டிங்கை முதலில் பழகு. கோட்டின் கடுமை குறையும், ஆபத்தும் குறைவு. கத்திரியைப் பாதி திறந்து சறுக்கிக்கொண்டே போகும் ஸ்லைட் கட்டிங் இப்போதைக்கு வேண்டாம், அதற்குக் கூரான கத்திரியும் நிதானமான கையும் வேண்டும்.

தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வருகிறவர்களைக் கழுவாமல் உட்கார வைக்காதே. எண்ணெயில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும், கோடு நேராக இருக்கிற மாதிரி தெரியும், வீட்டில் சீயக்காய் போட்டுக் குளித்ததும் எல்லாக் கோணலும் வெளியே வரும்.

ஆண்கள் வெட்டு உன் பாடத்தில் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மாதிரி ஊரில் கடை போட்டால் அதுதான் சோறு போடும். இங்கே முடிதிருத்தும் கடைகளில் ஆள் பஞ்சம் பழைய கதை. 2009இல் மலேசிய அரசாங்கம் வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தியது, 2023இல்தான் முடிதிருத்துதல், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேர் என்று கதவைத் திறந்தார்கள். அதனால் வேலை தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைக்கு மதிப்பு இருக்கிறது. முடி வெட்டும் மெஷினில் மாட்டும் கார்டு, அதாவது நீளத்தை முடிவு செய்யும் சீப்பு, நம்பர் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. ஃபேட் என்றால் இந்த நம்பர்களுக்கிடையில் கோடு தெரியாமல் கரைப்பது. மெஷினை மேலே கொண்டுபோகும்போது தலையின் வளைவில் ஒட்டியே போகாமல், வளைவு வருமிடத்தில் மணிக்கட்டைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும், ஒட்டியே போனால் மேல் முடியும் சேர்ந்து போய்விடும். பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் திறந்தால் கொஞ்சம் நீளம், மூடினால் குட்டை, பாதி வேலை அதில்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கு வருகிற முடிவெட்டும் தாத்தா கையால் அமுக்கும் மெஷின்தான் வைத்திருந்தார். அமுக்குவதை முடிக்குமுன் இழுத்துவிட்டால் முடியைப் பிடுங்கிவிடும், என் அண்ணன்கள் மாமரத்தடியில் போட்ட ஸ்டூலில் கண்ணில் நீரோடு உட்கார்ந்திருப்பார்கள். லியோ வால் என்ற அமெரிக்கர் மின்சார மெஷினுக்கு 1921லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேரத்தான் அவ்வளவு காலம்.

சுத்தத்தைப் பற்றி இரண்டே வரி. சீப்பையும் கத்திரியையும் முதலில் முடி போகக் கழுவி, அப்புறம் மருந்துத் தண்ணீரில் முழுசாக மூழ்கும்படி 10 நிமிடம் போடு, பாதி நனைந்தால் கணக்கில்லை. பேனோ படர்தாமரையோ தெரிந்தால் சத்தம் போடாமல், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல், முதலில் வைத்தியம் பார்த்துவிட்டு வரச் சொல்.

பரீட்சைக்காக ஒன்று. நீ எடுப்பது எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ் என்றால், அது ஜேபிகே என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறை கொடுப்பது, 1, 2, 3 என்று படிகள், அதற்கு மேல் டிப்ளோமா. மதிப்பிட வருகிறவர் நீ வெட்டியதை மட்டும் பார்க்க மாட்டார், எப்படி நின்றாய், எப்படிப் பிரித்தாய், எதனால் அப்படிப் பிடித்தாய் என்று கேட்பார். அப்போது டிகிரி பெயர் வாயில் வர வேண்டும். வெட்டி முடித்ததும் குறுக்குச் சோதனை செய்ய மறக்காதே, செங்குத்தாகக் கற்றை எடுத்து வெட்டியிருந்தால் படுக்கையாக எடுத்துப் பார், படுக்கையாக வெட்டியிருந்தால் செங்குத்தாக. தப்பு இருந்தால் அந்தத் திசையில்தான் படிக்கட்டு மாதிரி தெரியும்.

வாடிக்கையாளரிடம் பேசும்போது இந்தப் பெயர் எதையும் சொல்லாதே. கொஞ்சமா வெட்டுங்க என்பார்கள், ஒருவருக்குக் கொஞ்சம் என்றால் அரை விரல், இன்னொருவருக்கு ஒரு சாண். அவர்கள் கையாலேயே முடியில் தொட்டுக் காட்டச் சொல். ஒரு இன்ச் என்று சொன்னால் அது இரண்டு மாத வளர்ச்சி என்று சொல்லிவிட்டு வெட்டு.

கத்திரிக்கு வருவோம். வகுப்பில் விலை உயர்ந்த ஜப்பான் கத்திரி வாங்கிய பெண்ணைப் பார்த்து நீயும் வாங்காதே, முதல் வருடத்தில் எப்படியும் இரண்டு தடவை கீழே போடுவாய். 5.5 இன்ச் போதும், கை பெரிதாக இருந்தால் 6. வாங்கும்போது உன் கையில் மாட்டிப் பார். மோதிர விரல் அசையாத அலகின் வளையத்தில், சுண்டு விரல் அந்தச் சின்ன வால்மேல், கட்டை விரல் மற்ற வளையத்தில் நகக்கண் வரை மட்டும். கட்டை விரலை முழுசாக உள்ளே விட்டால் இரண்டு அலகும் ஆடும், வெட்டு கடிக்கும். ஒரு அலகைக் கதவு நிலையோடு ஒட்டி வைத்து, கட்டை விரலை மட்டும் அசைத்து, திறந்து மூடு, ஒட்டி வைத்தது நகரக் கூடாது. நான் ராத்திரி டிவியில் நாடகம் ஓடும்போது இதைத்தான் செய்வேன், அம்மா இரும்பு சத்தம் கேட்டுத் திட்டுவார். சீவும்போது கட்டை விரலை எடுத்துவிட்டுக் கத்திரியை மூடி உள்ளங்கையில் படுக்க வை, சீப்பும் அதே கையில். திறந்த கத்திரியோடு ஒருவர் முகத்துக்குப் பக்கத்தில் சீவக் கூடாது.

திருகாணி ரொம்ப இறுகியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு வளையத்தைப் பிடித்து மற்றதைத் தூக்கி விட்டுப் பார். படாரென்று மூடினால் தளர்வு, தொங்கியபடி நின்றுவிட்டால் இறுக்கம், பாதி வரை வந்து மெல்ல நின்றால் சரி. முடி வெட்டும் கத்திரியால் வேறு எதையும், ஒரு நூலைக்கூட, வெட்டாதே. என் கடையில் ஒரு பிள்ளை மைலோ பாக்கெட்டைத் திறந்துவிட்டாள், அந்தக் கத்திரியைச் சாணை பிடிக்க ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.